சோறு போடறீங்களா, இல்லையா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில், விடிகாலையில் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வாக்கிங் கிளம்பினால், வீடு திரும்புவதற்குள் நாலு பேராவது அந்த நாயின் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவார்கள். சிப்பிப்பாறை என்றால், “இன்னா சார், எலும்பும் தோலுமா கீது, சோறு போடறீங்களா, இல்லையா?” ராஜபாளையம் என்றால், “யப்பா, எம்மாம் பெருசு! கடிக்குமா?” கொழுத்த லாப்ரடார் என்றால், “மாசமா இருக்குதாம்மா?” கையளவு பொமரேனியனைக் கண்டால், “இது நாயா, பூனையா?” கேட்கிறவர் முன்பின் பழக்கமில்லாதவராக இருப்பார். பதிலுக்கும் நிற்க மாட்டார். சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விடுவார். சொன்ன சொல் மட்டும் நாய்க்காரரோடு வீடு வரை வரும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்தச் சொல் வீட்டுக்கு வந்து நேரே நாயின் தட்டில் விழுகிறது என்பதுதான் விஷயம். “ஒல்லியா இருக்கு” என்று நாலு பேர் சொன்னதும் ஒரு கரண்டி சோறு கூடுகிறது, இரண்டு முட்டை சேர்கிறது, மருந்துக் கடையிலிருந்து கால்சியம் டானிக் வருகிறது. “பெருசு, பயமா இருக்கு” என்று நாலு பேர் சொன்னதும் வாக்கிங்கே நின்றுபோய், நாய் பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கிறது. இரண்டுமே நாயின் ஆயுளைக் குறைக்கிற காரியங்கள். ஆகவே தெருவில் விழுகிற பேச்சில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது, எதற்கு என்ன பதில் சொல்வது என்று நாய் வளர்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. நெல்லும் மல்லாட்டையும் விளைகிற, கறவை மாடும் ஆடும் வளர்க்கிற வட்டாரம் இது. மாட்டுக்கு விலா எலும்பு தெரிந்தால் தீவனம் போதவில்லை, அல்லது நோய் என்று அர்த்தம். ஆட்டை வாங்கப் போனால் முதுகில் கைவைத்துச் சதையைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பழகிய கண் அது. பிள்ளையைப் பார்த்தாலும் “ஏன் இளைச்சுப் போயிட்ட?” என்றுதான் விசாரிக்கும். சதை பிடித்திருந்தால் நன்றாக வளர்க்கிறார்கள், இளைத்திருந்தால் கவனிப்பு இல்லை என்பதே அதன் கணக்கு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் சரியாக வருகிற இந்தக் கணக்கு நாய்க்கு வரும்போது தப்பிவிடுகிறது. அதிலும் தென் தமிழ்நாட்டு வேட்டை நாய்களிடம் அடியோடு தப்புகிறது.

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய சிப்பிப்பாறை, அதன் நெருங்கிய உறவான கன்னி, கர்நாடகத்து முதோல் ஆகியவை வாசனை பிடித்துத் தேடுகிற நாய்கள் அல்ல. கண்ணால் பார்த்துத் துரத்துகிறவை. முயல் பாயும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு. நெஞ்சுக்கூடு ஆழமாக இறங்கியிருக்கும். இதயமும் நுரையீரலும் அதற்குள் இடம் கொள்ள வேண்டுமே. வயிறு மேலே ஏறி ஒட்டியிருக்கும். கால்கள் நீளம், தோல் மெல்லிசு, முடி குட்டை, தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியும். இடுப்பெலும்பின் முனைகள்கூடத் தெரியலாம். தொடையைப் பார்த்தால் மட்டும் சதை இறுகித் திரண்டிருக்கும். இந்த உடம்பில் ஐந்து கிலோ கொழுப்பை ஏற்றினால், ஓட்டத்துக்கென்று அமைந்த அந்த மெல்லிய கால்கள் நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியிருக்கும்.

வெளிநாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுத்து வளர்ப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். உடற்கூறு அப்படி. கிரேஹவுண்டின் ரத்தத்தில் மற்ற நாய்களைவிடச் சிவப்பணுக்கள் கூடுதல். சில வகை மயக்க மருந்துகளிலிருந்து தெளிய அவற்றுக்கு அதிக நேரம் பிடிக்கும். அதனால்தான் வேட்டை நாயை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது இனத்தைச் சொல்லிவிடுவது அவசியம். மயக்க மருந்தைத் தேர்வு செய்கிற மருத்துவருக்கே முக்கியமாகப் படுகிற ஒரு வேறுபாட்டை, சைக்கிளில் போகிறவர் அரை நொடியில் கண்டுகொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் நாய் சரியான உடம்போடு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணைவிடக் கை நம்பகமானது. உலகமெங்கும் கால்நடை மருத்துவர்கள் நாயின் உடல்வாகை 1 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். 1 என்றால் பட்டினி கிடந்த உடம்பு, 9 என்றால் மிதமிஞ்சிய பருமன். பெரும்பாலான நாய்களுக்கு 4 அல்லது 5 சரியானது. இந்த மதிப்பெண் கைக்குத்தான் கிடைக்கும். நாயை நிற்க வைத்து இரண்டு பக்கமும் உள்ளங்கையை விலாவின் மேல் படரவிட்டு, அழுத்தாமல் முன்னும் பின்னும் தடவ வேண்டும்.

என்ன தட்டுப்படுகிறது என்பதற்கு அளவுகோல் நம் கையிலேயே இருக்கிறது. முதலில் கையை முஷ்டியாக மடக்கி, மறுகை விரலால் முட்டிகளின் மேல் தடவிப் பாருங்கள். எலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்படும். நாயின் விலா அப்படி இருந்தால் அது மெலிவு. இப்போது கையை விரித்து, புறங்கையில் விரல் எலும்புகள் ஓடும் இடத்தைத் தடவுங்கள். எலும்பு தெரியும், ஆனால் மேலே மெல்லிய போர்வை ஒன்று இருக்கும். விலா அப்படி இருந்தால் சரியான உடம்பு. கையைத் திருப்பி, உள்ளங்கையில் விரல்கள் தொடங்கும் மேட்டைத் தடவுங்கள். அழுத்தினால்தான் எலும்பு கிடைக்கும். விலா அப்படி இருந்தால் பருமன். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், காசும் செலவில்லை. பிறகு நாயின் முதுகுக்கு மேலே நின்று குனிந்து பார்த்தால், விலாவுக்குப் பின்னால் இடை உள்வாங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால், நெஞ்சிலிருந்து பின்னங்காலை நோக்கி வயிறு மேலேற வேண்டும். புசுபுசுவென்று முடி வளர்ந்த நாய்க்குக் கண் எந்த விதத்திலும் உதவாது. பார்க்கிற பருமனில் பாதி முடியாகவே இருக்கும். கைதான் ஒரே வழி.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. தெருவில் விழுகிற பேச்சு எல்லாமே தப்பு என்று நினைப்பதும் ஆபத்து. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல மெல்ல நடக்கிற மாற்றம் தெரியாது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கிற ஒருவர் “போன தடவை பார்த்ததுக்கு இளைச்சிருக்குதே” என்றால் அதை நின்று கேட்க வேண்டும். குடற்புழு, உண்ணிகளால் வரும் ரத்தக் காய்ச்சல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாமே எடைக் குறைவாகத் தலைகாட்டலாம். வழக்கம்போலச் சாப்பிட்டும் இளைக்கிறது, தொடைச் சதை வற்றுகிறது, முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெரிகிறது, சுறுசுறுப்புக் குறைகிறது என்றால் அது இனத்தின் வாகு அல்ல; அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. “ஒல்லியா இருக்கு” என்பதும் “ஒல்லியாயிட்டே வருது” என்பதும் வேறு வேறு செய்தி. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை விடக் கூடாது.

ஒல்லி நாய்க்காரருக்குத் திட்டு விழுகிறது என்றால், குண்டு நாய்க்காரருக்குப் பாராட்டு கிடைக்கிறது. “ஜம்முன்னு கீதுப்பா, நல்லா வளக்கிற” என்று சொல்லாதவர் இல்லை. கேடு அதிகம் விளைவது இந்தப் பாராட்டில்தான். அமெரிக்காவில் 24 ஜோடி லாப்ரடார் குட்டிகளை எடுத்து, ஜோடிக்கு ஒன்றுக்கு வழக்கமான தீனியும் மற்றதற்கு அதில் 25 சதவீதம் குறைத்தும் வாழ்நாள் முழுவதும் கொடுத்துப் பார்த்தார்கள். 14 ஆண்டுகள் நடந்த அந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. குறைவாகத் தின்ற நாய்களில் பாதி 13 வயதைத் தொட்டன. கூடுதலாகத் தின்றவற்றில் பாதி ஏறக்குறைய 11 வயதிலேயே போய்விட்டன. மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தள்ளித்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என்பது நாயின் வாழ்க்கையில் சின்னக் கணக்கு இல்லை.

லாப்ரடாரின் பசிக்குப் பின்னால் பரம்பரைக் காரணமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் சிறு பகுதி விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தாலும் “போதும்” என்ற செய்தி அவற்றின் மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை. அது கண்ணை உருட்டிக் கெஞ்சும். டீக்கடையில் நிற்கிறவர் “பாவம், பசிக்குது போல” என்று பொறையைப் பிய்த்துப் போடுவார். கருத்தடை செய்த பிறகு நாய்க்குத் தேவைப்படும் தீனியும் குறைகிறது. அளவைக் குறைக்காமல் பழையபடியே போட்டால் உடம்பு ஊதிவிடும். “மாசமா இருக்குதா?” என்று கேட்கப்படுகிற பெண் நாய்களில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. கேட்டவர் மேல் கோபம் வரலாம். ஆனால் நாயின் விலா கைக்குக் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கேள்வி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது.

சின்ன நாய்க்கு இந்தக் கருணை இன்னும் கேடு. ஐந்து கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 கலோரி போதும். குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் சுமார் 25 கலோரி இருக்கிறது. வாக்கிங்கில் நாலு இடத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், ஒரு நாள் சாப்பாட்டில் கால்பங்குக்கு மேல் தெருவிலேயே முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தயிர்சாதம் தனி. “டாக்டர் வெளியில எதுவும் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காருங்க” என்ற ஒரு வாக்கியம் இங்கே நன்றாக வேலை செய்யும். டாக்டர் பெயரைச் சொல்லிவிட்டால் யாரும் மனத்தாங்கல் கொள்வதில்லை.

குட்டி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பெரிய இன நாய் முழு வளர்ச்சி அடைய ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம்கூட ஆகும். சிறு இனங்கள் பத்து மாதத்துக்குள் வளர்ச்சியை முடித்துவிடுகின்றன. ஆறு மாதத்து ராஜபாளையம் குட்டி, காலும் காதும் மட்டும் வளர்ந்து, உடம்பு கூடாமல் கோணல்மாணலாகத்தான் நிற்கும். அந்தப் பருவத்தில் தெருவிலிருந்து வருகிற “கால்சியம் குடுங்க, எலும்பு பலமாகும்” என்ற யோசனை நல்லெண்ணத்தில் வருவதுதான். ஆனால் பெரிய இனக் குட்டிகளுக்கு மிகையான கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கிறது. குடல் வேண்டிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடும் திறன் இளம் குட்டிக்குப் போதாது. தேவைக்கு மேல் தீனி போட்டு வேகமாக வளர்த்தாலும் மூட்டுகள் பாதிக்கப்படும். மருத்துவர் எழுதிக் கொடுக்காத டானிக்கை அதன் வாயில் ஊற்றாதீர்கள்.

இனி, பெரிய நாயும் பயமும். இங்கே நாய்க்காரர்கள் தங்கள் பக்கத்து நியாயத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

மத்திய அரசின் கணக்குப்படி 2024-இல் மட்டும் தமிழ்நாட்டில் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. அந்த ஆண்டு மே 5 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை ஊரே பார்த்தது. அவை வளர்ப்பு நாய்கள். இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு வருகிற ஒரு தாய், எதிரே இரண்டரை அடி உயரத்தில் ஒரு வெள்ளை நாயைக் கண்டதும் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு “ஏம்பா இவ்ளோ பெரிய நாயைத் தெருவுல கூட்டிட்டு வர்ற?” என்று கேட்டால், அதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பயம். பயத்துக்கு வாதம் பதிலாகாது, இடைவெளிதான் பதில். கயிற்றைக் கையில் சுற்றிக் குட்டையாக்கி, சாலையோரம் ஒதுங்கி, நாயை உட்கார வைத்து, “நீங்க போங்கம்மா, நான் பிடிச்சிருக்கேன்” என்று சொல்ல வேண்டும்.

“ஒண்ணும் பண்ணாது, வாங்க” என்ற வாக்கியத்தை நாய்க்காரர்கள் அடியோடு கைவிட வேண்டும். எந்த நாயைப் பற்றியும் எவராலும் அப்படி உறுதி சொல்ல முடியாது. வெள்ளை ராஜபாளையத்தில் இன்னொன்றும் உண்டு. வெண்மைக்குக் காரணமான மரபுக்கூறோடு சேர்ந்து சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கின்றன. அப்படிப்பட்ட நாயைப் பின்னாலிருந்து ஒரு குழந்தை தொட்டால் அது திடுக்கிட்டுத் திரும்பும். திடுக்கிட்ட நாய் கடிக்கலாம். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. தன் விலங்கால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். நாய் பெரிதா சிறிதா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை.

அதே சமயம், உருவத்தைக் காரணம் காட்டி “இங்கே இந்த நாயை வைத்துக்கொள்ளக் கூடாது” என்று சொல்லும் உரிமையும் தெருக்காரர்களுக்கு இல்லை. அப்போது சென்னை திருவான்மியூரில் இயங்கிவந்த இந்திய விலங்குகள் நல வாரியம், 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதைக் குறிப்பாகவே எடுத்துப் பேசியது. சின்ன நாய்க்குச் சம்மதம், பெரிய நாய்க்கு இல்லை என்று குடியிருப்போர் சங்கங்கள் விதி போட முடியாது என்பது அதன் நிலை. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு 23 நாய் இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. உரியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. இனத்தையும் உருவத்தையும் மட்டும் வைத்து ஆபத்தை அளப்பது அவ்வளவு எளிதல்ல.

பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-இல், முப்பதுக்கும் மேற்பட்ட நாய் இனங்களின் குணத்தை அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்து ஒப்பிட்டார்கள். சிடுசிடுப்பிலும் சீறுவதிலும் முன்னால் நின்றவை டாக்ஸ்ஹண்ட், சிவாவா, ஜாக் ரஸ்ஸல் என்ற குள்ள இனங்கள். சின்ன நாய் சீறினால் சிரித்துவிட்டுத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். பெரிய நாய் சீறினால் பயிற்சி கொடுக்கிறார்கள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பெரிய நாய் கடித்தால் காயம் பெரிது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் வெறிநோய்க் கிருமிக்குப் பல்லின் அளவு ஒரு பொருட்டே இல்லை. பொமரேனியனின் சின்னக் கீறலும் உயிருக்கு ஆபத்தாகலாம். எந்த நாய் கடித்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஊசிக்குக் கிளம்ப வேண்டும்.

பெரிய நாய், சின்ன நாய் என்று இவ்வளவு பேசிவிட்டோம். நாய்களில் மட்டும் ஏன் இத்தனை அளவு? கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற அமெரிக்க கிரேட் டேன் ஒன்று தோள் வரை 104 சென்டிமீட்டரைத் தாண்டி நின்றது. புளோரிடாவைச் சேர்ந்த பேர்ல் என்ற சிவாவாவின் உயரம் 9.14 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே உயிரினம். வேறெந்தப் பாலூட்டி நில விலங்கிலும் ஒரே இனத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் கிடையாது. வளர்ச்சியைத் தூண்டும் சுரப்பு ஒன்றுக்கான மரபணுவில் உள்ள மாறுபாடு இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். 2022-இல் வெளிவந்த தொடர் ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. சிறு உருவத்தைத் தரும் அந்த மாறுபாடு, சைபீரியாவில் 54,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓநாயிடமே இருந்திருக்கிறது. மனிதன் நாயைப் பழக்குவதற்கு வெகு காலம் முன்பே அந்த விதை இருந்தது. அவன் தேர்ந்தெடுத்துப் பெருக்கினான், அவ்வளவுதான். “இது நாயா, பூனையா?” என்று கேட்கிறவரிடம், “ஓநாய் வம்சம்தாங்க” என்று சொன்னால் அது முழு உண்மை.

கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொள்ள இதே மாவட்டத்தில் ஒரு நாய் இருக்கிறது. தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்துக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துத் தன் எஜமானுக்குக் காவல் நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதையும் பொறித்து வைத்தார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயரும் செயலும் இந்த மண்ணில் நிற்கின்றன. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் போனால், பசு லட்சுமிக்கும் மானுக்கும் காகத்துக்கும் பக்கத்தில் ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி இருக்கிறது. ரமணர் விலங்குகளை ‘அது’ என்று சொன்னதில்லை. அவன், அவள் என்றே பேசினார். ஆசிரமத்து நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று விசாரிப்பது அவருக்கு வழக்கம். கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு இது தெரிந்த சேதிதான்.

பதில் சொல்லும் முறைக்கு வருவோம். கேலிக்குப் பதில் தேவையில்லை. ஒரு புன்னகையோடு நடையைத் தொடர்ந்தால் போதும். அக்கறையோடு கேட்பவருக்கு மட்டும் நின்று சொல்லலாம்: “இது சிப்பிப்பாறைங்க, வேட்டை நாய். இதோட வாகே இப்படித்தான். கை வெச்சுப் பாருங்க, சதை இரும்பாட்டம் இருக்கும்.” வயதானவர் கேட்டால் பொறுமை இன்னும் வேண்டும். “நம்ம விருதுநகர் பக்கத்து நாய்ங்க தாத்தா, ஓடுறதுக்குன்னே பொறந்தது” என்றால் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஆர்வத்தில் வரும். ராஜபாளையத்தின் படம் போட்டு இந்திய அஞ்சல் துறை 2005-இல் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றை இந்நாட்டு நாய் இனங்களாகக் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளக் கழகம் முறையாகப் பதிவு செய்திருக்கிறது. பிரதமர் 2020 ஆகஸ்டில் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாட்டு இனங்களை வளர்க்கச் சொன்னார். சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இவற்றில் ஒன்றைச் சொன்னால்கூட, “எலும்பும் தோலும்” என்று தொடங்கிய பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

திரும்பத் திரும்ப அதே ஆள் அதையே சொல்லிக்கொண்டிருந்தால், “போன வாரந்தான் டாக்டரண்ட காட்டினேன், எடை சரியா இருக்குன்னார்” என்று முடித்துவிடலாம். இந்தப் பதில் செல்ல வேண்டுமானால் அது உண்மையாக இருக்க வேண்டும். அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தடுப்பூசிக்குப் போகும்போதே எடையும் பார்த்து, உடல்வாகு மதிப்பெண்ணையும் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு தனியாக நின்று, இரண்டையும் கழித்தால் கணக்கு வந்துவிடும். பெரிய நாய்க்கு மல்லாட்டை மண்டியிலோ அரிசிக் கடையிலோ உள்ள தரைத் தராசு போதும். கடைக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். சரியான எடை 30 கிலோ இருக்க வேண்டிய நாய் 33-ஐத் தாண்டினால் பருமன் தொடங்கிவிட்டது. 36-ஐத் தாண்டினால் அது நோய் என்றே மருத்துவர்கள் சொல்வார்கள்.

தெருவில் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாய் உங்களுக்கு மெலிந்ததாகவோ பெரிதாகவோ பட்டால், “இது என்ன சாதி நாய்ங்க?” என்று முதலில் கேளுங்கள். தொடுவதற்கு முன்னால் அனுமதி கேளுங்கள். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள். பிஸ்கட் போடாதீர்கள். கயிற்றில் கட்டுண்டு, எலும்பு துருத்தி, புண்ணும் உண்ணியுமாக ஒரு நாய் உண்மையிலேயே வாடிக் கிடப்பதைக் கண்டால் மட்டும் சும்மா போய்விடாதீர்கள். நோயுற்ற விலங்குகளுக்கு மருத்துவ உதவி கேட்க 1962 என்ற எண் இருக்கிறது.

நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதத்துக்குள் செய்ய வேண்டியது இரண்டு. வெறிநோய்த் தடுப்பூசி தேதி தாண்டிவிட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதக் குட்டியில் தொடங்கி மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி அது. அதே அட்டையில் இன்றைய எடையையும் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக் காலை வாக்கிங்கில் யார் என்ன சொன்னாலும், சோற்றின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ தோன்றினால், முதலில் அந்த அட்டையைப் பாருங்கள், விலாவைத் தடவிப் பாருங்கள், அப்புறம் மருத்துவரைக் கேளுங்கள்.